பின்கோடு வரைக்கும் வருகிற பார்சல்

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று கரிசல் காடு விரிந்துகிடக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் பஸ் வந்துபோகிற ஊர்கள் இங்கே இன்னும் உண்டு. அந்த ஊர்களுக்கும் இப்போது பார்சல் வருகிறது. முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு பைக்கில் வருகிற தம்பி சேலை, மிக்ஸி, பள்ளிக்கூட ஷூ, செல்போன் உறை என்று வீடுவீடாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஊருக்குள் வாசல் வரை போகிற அதே வண்டி, நம் தெருப் பார்சல் என்றால் பல இடங்களில் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடுகிறது. "அண்ணே, பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கிடுங்க" என்று போன் வருகிறது. போகாவிட்டால், வீட்டில் ஆள் இல்லை என்று எழுதி பார்சல் திரும்பிப் போகிறது.

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. சமையல்கட்டு வரை வந்து சிலிண்டர் மாதிரி இறக்கிவைத்துவிட்டுப் போகிற நல்ல பிள்ளைகளும் இருக்கிறார்கள். தெரு குறுகல், வண்டி திரும்பாது, மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் என்று அவர்கள் சொல்லும் காரணத்திலும் உண்மை உண்டு. ஆனால் நம் தெருவில் மட்டும் ஏன் தார் ரோடு முடிந்துபோகிறது என்று கேட்டால், அது மண்ணைப் பற்றிய கேள்வியாக நின்றுவிடாது.

மின்வணிகம் என்றால் என்ன என்று கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் பாடமாகவே படிக்கிறார்கள். இணையத்தின் வழியே பொருளை வாங்குவது, விற்பது, பணம் கட்டுவது என்று ஒரு வரியில் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதற்குள் இருக்கிற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள, சனிக்கிழமை தோறும் கூடும் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடு கொண்டுவருகிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர். சந்தையைக் குத்தகை எடுத்தவர் தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குவார். ஆடு அவருடையது அல்ல. அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்றவை அந்தக் குத்தகைக்காரர்தான். வெளிநாட்டு முதலீடு உள்ள நிறுவனங்கள் சரக்கைத் தாமே வைத்து நேரடியாக நுகர்வோருக்கு விற்கக் கூடாது, விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் சந்தையாகத்தான் இயங்கலாம் என்பது இந்திய அரசின் விதி. 2018 டிசம்பரில் அதை இறுக்கி, 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள்.

ஆட்டுச் சந்தைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எட்டயபுரத்தில் யார் ஆடு முன்னால் நிற்க வேண்டும் என்று குத்தகைக்காரர் முடிவு செய்வதில்லை. செல்போன் சந்தையில் முதல் திரையில் எந்தப் பொருள் வர வேண்டும் என்பதை அந்த நிறுவனத்தின் கணினி முடிவு செய்கிறது. விளம்பரக் காசு கட்டியவரின் ஆடு முன்னால் நிற்கும். மற்ற ஆடுகள் இருபதாவது திரையில் கத்திக்கொண்டு கிடக்கும்.

நம் மக்கள் இந்தச் சந்தையை ஏன் விரும்பி ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குத் தள்ளுபடி மட்டும் காரணம் இல்லை. கடை என்பது நமக்கு எப்போதும் வெறும் கடையாக இருந்ததில்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளை, பலசரக்குக் கடையில் காசைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பது, துணிக்கடையில் தொட்டுப் பார்க்காமல் விலை கேட்பது என்பதெல்லாம் நம் தாத்தா, பாட்டி பட்ட கதை. கதை பழசு என்று சொல்கிறவர்களுக்கு 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் நடந்ததை நினைவுபடுத்த வேண்டும். தின்பண்டம் வாங்கக் கடைக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், உங்கள் தெருவுக்கு இனி எதுவும் தர முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். அதை அவர்களே படம் பிடித்து வெளியிட்டார்கள். கட்டுப்பாடு என்றால் என்ன என்று அந்தப் பிள்ளை கேட்ட முகத்தைத் தமிழ்நாடே பார்த்தது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், சம்பந்தப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றமும் தடை போட்டது. கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் எவ்வளவு தூரம்? ஒரு பஸ் பயணம்.

நாம் ஒரு பொருளை வாங்கி வைத்திருப்பதே சிலருக்குப் பொறுக்காத காலத்தையும் இந்த மண் கண்டிருக்கிறது. ஒட்டப்பிடாரம் பகுதியில் உள்ள கொடியன்குளத்தில், 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை புகுந்தபோது அடித்து நொறுக்கியது எதை? வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, தையல் இயந்திரம், டிராக்டர். துணிமணிகளையும் படித்த பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் தீயில் போட்டார்கள். அந்த வீடுகளில் இருந்தவை ஆடம்பரப் பொருட்கள் அல்ல. உழைத்த காசுக்குப் பொருள் வாங்க முடியும் என்பதற்கான அத்தாட்சிகள் அவை. அதனால்தான் அடி முதலில் அவற்றின் மேல் விழுந்தது.

இப்படிப்பட்ட மண்ணில், சாதி கேட்காத, முகம் பார்க்காத, 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்று விசாரிக்காத ஒரு கடை கையடக்கத்தில் வந்தபோது நம் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் அது வெறும் வசதியாக மட்டும் தெரியவில்லை. நின்று நிதானமாக நூறு சேலையைப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். கடைப் பையனின் முகச்சுளிப்பு கிடையாது. இதைக் கேலி செய்கிற தோழர்கள் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். நுகர்வு மோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கடைவாசலில் நிற்க வைக்கப்பட்டவர்களின் பேத்தி, தனக்குப் பிடித்த நிறத்தில் ஒரு செருப்பைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் சந்தோஷத்தை அந்த வார்த்தைக்குள் அடைக்க முடியாது.

ஆனால் கடை சாதி கேட்கவில்லை என்பதால் சாதி இல்லாமல் போய்விடவில்லை. அது கடைவாசலிலிருந்து கிளம்பி முகவரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பின்கோடு என்கிற ஆறு இலக்க எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. கோவில்பட்டிக்கு 628501. முதல் எண் 6 தென்னகத்தைக் குறிக்கும். முதல் மூன்றும் சேர்ந்து தூத்துக்குடி வட்டாரத்தைக் காட்டும். கடைசி மூன்றும் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். ஊருக்கும் சேரிக்கும் ஒரே பின்கோடுதான். எண்ணில் சாதி கிடையாது. அதற்கு மேலே எழுதுகிற வரியில் இருக்கிறது: 'கிழக்குக் காலனி', 'அருந்ததியர் தெரு', 'ஆதிதிராவிடர் குடியிருப்பு'. பார்சலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கிற எவருக்கும் வீட்டுக்காரர் யார் என்று தெரிந்துவிடும். பெயரைப் பார்த்து வேலை மறுப்பது உண்டா என்று பொருளாதார அறிஞர் சுகதேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் ஆய்வு செய்து 2007இல் எழுதினார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பியபோது, தலித் பெயருக்கு அழைப்பு குறைவாக வந்தது. பெயருக்கு வேலை மறுக்கிற நாட்டில் தெருவுக்கு வாசல் மறுப்பது என்ன புதுமை?

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையும் அதே ஆண்டு வந்தது. நாம் இதை வரவேற்கிறோம். ஆனால் ஊராட்சி அலுவலகத்தின் பதிவேட்டில் பெயரை மாற்றிவிட்டு, செல்போன் வரைபடத்திலும் பார்சல் நிறுவனங்களின் பட்டியலிலும் பழைய பெயரே கிடந்தால் என்ன பயன்? வரைபடத்தில் இடப்பெயரைத் திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் செல்போனிலிருந்தே அனுப்பலாம். இது நம் மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து செய்துவிடக்கூடிய வேலை.

2025 மே மாதம் அஞ்சல் துறை 'டிஜிபின்' என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்து, எண்கள் கொண்ட ஒரு குறியீடு. நம் வீட்டு வாசலுக்கே ஒரு எண். இதில் தெருப் பெயர் இல்லை, சாதி இல்லை. கதவு எண்ணே இல்லாத குடியிருப்புகளுக்கு இது உதவும் என்பதில் சந்தேகம் இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். தெருவின் பெயரை மறைத்தால்தான் வாசலுக்குப் பொருள் வரும் என்ற நிலை நமக்குச் சம்மதமா? பெயரை மறைக்கிற எண் வசதிக்கு இருக்கட்டும். பெயரோடு கேட்டாலும் வந்து கொடுக்க வேண்டும் என்பது உரிமை.

அந்த உரிமை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவை மாணவர்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள். தீண்டாமையின் பேரில் பொருள் விற்க மறுப்பதோ சேவை தர மறுப்பதோ குற்றம் என்பதோடு அது நின்றுவிடவில்லை. மற்றவர்களுக்குத் தருகிற அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் தர மறுப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஊர்க்காரருக்கு வாசலில், நமக்கு பஸ் ஸ்டாப்பில் என்றால், அதே இடம் என்ற சொல் எங்கே போயிற்று? நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020 ஜூலையில் வந்தன. ஒரே வகை நுகர்வோருக்குள் பாகுபாடு காட்டக் கூடாது, தன் விருப்பத்துக்கு அவர்களைப் பிரித்து வைக்கக் கூடாது என்று அதன் 4ஆவது விதி சொல்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பொருள் என்றால் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

'ஆள் இல்லை' என்று பொய்யாக எழுதித் திருப்பி அனுப்பும்போது வந்த குறுஞ்செய்தியையும் போன் வந்த நேரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். வழக்குக்கு அதுதான் சாட்சி.

வாங்குவது பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். விற்பது பற்றிப் பேசும்போதுதான் விஷயம் இன்னும் கடினமாகிறது.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரல் 30 அன்று புவிசார் குறியீடு கிடைத்தது. கடலை மிட்டாய் உற்பத்தியாளர்கள், விற்பனையாளர்கள் சங்கம் 2014இல் விண்ணப்பித்து, ஆறு ஆண்டு காத்திருந்து வாங்கியது. இந்த வட்டாரத்துக் கரிசல் கடலை, தேனி பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று அதன் சேர்மானத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் பிறகு இணையத்தில் இந்த மிட்டாய்க்கு மவுசு கூடியது. டெல்லியில் இருப்பவர் செல்போனில் அழுத்தினால் வீட்டுக்கு வருகிறது. நல்லது. ஆனால் அந்தச் சேர்மானப் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது: கை. கடலை வறுத்து, தோல் புடைத்து, கொதிக்கும் பாகில் கிண்டி, சூடு ஆறுவதற்குள் பலகையில் தட்டித் தேய்த்து, வெட்டி, பொட்டலம் போடுகிற கைகளில் நம் பெண்களின் கைகளும் இருக்கின்றன. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய கைகள் இயந்திரம் வந்த பிறகு பல இடங்களுக்குச் சிதறிப் போயின. அவற்றில் கொஞ்சம் இங்கேயும் வந்தன. கூலி வாங்குகிற கையாக வந்தன.

புவிசார் குறியீடு ஒரு சங்கத்தின் பெயரில் பதிவாகியிருந்தாலும், அந்த வட்டாரத்தில் உண்மையாக அந்தப் பொருளைத் தயாரிக்கும் எவரும் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தனியே பதிவு செய்துகொள்ளலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இதற்கு வழி செய்திருக்கிறது. இருபது ஆண்டு பாகு கிண்டிய நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு குழுவாகச் சொந்தமாக மிட்டாய் போட்டு, அந்த முத்திரையோடு விற்கச் சட்டத்தில் தடை இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

பொட்டலத்தின் மேல் தயாரிப்பாளரின் முழு முகவரி இருக்க வேண்டும் என்பது பொட்டலப் பொருட்கள் பற்றிய 2011ஆம் ஆண்டு விதி. சரியான விதிதான், கலப்படம் செய்தவர் தப்பக் கூடாது அல்லவா? ஆனால் அந்த முகவரியில் நம் தெருப் பெயர் இருந்தால் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் அந்த மிட்டாயை வாயில் போடுவார்கள்? இதைக் கற்பனையாகக் கேட்கவில்லை. எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், 2023 செப்டம்பரில், காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைக்கிறார் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்ற செய்தி நாடெங்கும் போனது. மாவட்ட ஆட்சியர் போனார். கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இலவசமாகத் தருகிற உப்புமாவுக்கே இந்த நிலை என்றால் காசு கொடுத்து வாங்குகிற பண்டத்துக்கு?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தையிடமே கேட்டவர் ஒருவர் இருக்கிறார். எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் 2016இல் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரிலேயே ஊறுகாய், மஞ்சள் பொடி, மல்லிப் பொடி, மிளகாய்ப் பொடி ஆகியவற்றை இணையத்தில் விற்கத் தொடங்கினார். பெயரை மறைத்து விற்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் பெயரையே முத்திரையாக வைத்தார். மும்பையில் சுதீர் ராஜ்பர் 'சமார் ஸ்டுடியோ' என்ற பெயரில் பைகள் செய்து விற்கிறார். வசைச் சொல்லாகக் கிடந்ததைப் பிராண்டாக மாற்றினார். இதெல்லாம் பெருநகரத்தில் நடக்கும், கோவில்பட்டியில் நடக்காது என்று சொல்வீர்கள். ஓரளவு சரி. ஆனால் இணையத்தில் விற்பவருக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான் வாடிக்கையாளர் என்ற கட்டாயம் இல்லையே. அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டுப் படிப்பு முடித்து மும்பை வந்த புதிதில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் யார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிப்போனதால் அது நின்றுபோனது. அவருக்கு மும்பை மட்டும்தான் சந்தை. நமக்கு நாடே சந்தை.

அதற்காக, இணையத்தில் போட்டால் பணம் கொட்டும் என்று பயிற்சி வகுப்பு நடத்தி ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களை நம்பிவிடாதீர்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக, ஒரு கிலோ மிட்டாயை 300 ரூபாய்க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடலை, வெல்லம், விறகு, கூலி, அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து 190. தளத்தின் கமிஷனும் கூரியர் செலவும் 80. கையில் நிற்பது 30. ஒரு பெட்டி நொறுங்கிப்போய்த் திரும்பி வந்தால் செய்த செலவோடு கூரியரும் போகும். பத்துப் பெட்டி விற்ற லாபம் அதில் கரைந்துவிடும். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருகிற எண்ணையும் பார்ப்பார்கள். எது கூடுதலோ அதற்குக் கட்டணம். பெரிய பெட்டியில் கொஞ்சம் பொருள் போட்டு அனுப்பினால் காற்றுக்குக் காசு கட்ட வேண்டும். பணமும் விற்ற அன்றே வராது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும். கந்துவட்டிக்குக் கடன் வாங்கி இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது என்று நாம் சொல்வது இதனால்தான்.

தாள் வேலைகள் முன்பு போல் அச்சமூட்டுவதில்லை. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். தளங்களில் விற்க வேண்டுமானால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்றிருந்ததை 2023 அக்டோபர் 1 முதல் தளர்த்தியிருக்கிறார்கள். 40 லட்சத்துக்குள் விற்பவர் பான் எண்ணோடு ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் விற்கலாம். தாராவியில் இருக்கும் நம் சொந்தக்காரருக்கு அனுப்ப வேண்டுமானால் பதிவு தேவை. மாநில எல்லை தாண்டினால் சலுகை இல்லை.

முதல் இல்லை என்பதுதான் நம்முடைய பழைய நோய். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023 முதல் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், அதிகபட்சம் 1.5 கோடி வரை. கடன் வட்டியில் 6 விழுக்காடு அரசு ஏற்கும். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாம் வாங்கும் பொருட்களில் 25 விழுக்காட்டைச் சிறு நிறுவனங்களிடமும், அதற்குள் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களிடமும் வாங்க வேண்டும் என்பது விதி. அந்த வாங்கல் 2016இல் தொடங்கிய ஜெம் என்னும் அரசுச் சந்தைத் தளத்தில் இணையம் வழியாகவே நடக்கிறது. இதுவும் மின்வணிகம்தான். அரசு அலுவலகத்துக்கு நாற்காலியும் துடைப்பமும் கோப்பு அட்டையும் விற்கிற வணிகம். நம் ஆட்கள் இங்கே விற்பனையாளராகப் பதிவு செய்துகொள்ளாதவரை அந்த 4 விழுக்காடு தாளிலேயே தூங்கும்.

பெருநிறுவனங்களின் பிடியைத் தளர்த்துவதற்காக என்று சொல்லி ஓ.என்.டி.சி. என்ற திறந்த வலைப்பின்னலை மத்திய அரசு உருவாக்கியது. 2022 ஏப்ரலில் கோவை உட்பட ஐந்து நகரங்களில் சோதனை ஓட்டம் நடந்தது. எந்த யு.பி.ஐ. செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் பணம் போவதுபோல, ஒரு செயலியில் விற்பவரின் பொருளை இன்னொரு செயலியில் வாங்கலாம். யோசனை நல்லதுதான். கரிசல் காட்டில் இன்னும் அதன் காற்று அடிக்கவில்லை. பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் கொண்டுவருகிற விரைவு வணிகம் பற்றி நகரத்துப் பத்திரிகைகள் எழுதிக் குவிக்கின்றன. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நமக்கு அது வேடிக்கைதான். இங்கே உண்மையில் வளர்வது வாட்ஸ்அப் குழுவில் சேலைப் படம் போட்டு விற்கிற அக்காமார்களின் வணிகம். கடை வாடகை இல்லை, கமிஷன் இல்லை, பழக்கத்தின் மேல் நடக்கிறது. அந்தப் பழக்கமும் பெரும்பாலும் அவரவர் சாதி எல்லைக்குள்ளேயே சுற்றுகிறது என்பதையும் கவனித்து வைப்போம்.

பை சுமக்கிற தம்பிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவர்களில் கணிசமானவர்கள் நம் பிள்ளைகள், பட்டம் வாங்கியவர்கள். ஊருக்குள் பார்சல் கொண்டுபோனால் 'எந்த ஊரு தம்பி, எந்தத் தெரு, யாரு மகன்' என்று திண்ணையிலிருந்து கேள்வி வருகிறது. கேட்பவர் அன்பாகக் கேட்பதுபோல்தான் இருக்கும். பதில் சொன்ன பிறகு பார்சலைக் கையில் வாங்காமல், அங்கே வைத்துவிட்டுப் போ என்பார்கள். 2022 ஜூனில் லக்னோவில் உணவு கொண்டுபோன தலித் ஊழியர் ஒருவர், சாதியைக் கேட்டு உணவை வாங்க மறுத்து முகத்தில் துப்பினார்கள் என்று புகார் கொடுத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. நாட்டில் இப்படிச் செயலி வழியே வேலை செய்பவர்கள் 2020-21இல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2.35 கோடி ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் கணக்கிட்டது. அவர்களை நிறுவனங்கள் தொழிலாளர் என்று அழைப்பதில்லை; 'பார்ட்னர்' என்கின்றன. கீழே விழுந்து கால் ஒடிந்தால் பார்ட்னர் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். தமிழ்நாட்டில் இவர்களுக்கென்று தனி நலவாரியம் 2023 டிசம்பரில் அமைக்கப்பட்டது. மத்திய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது; நிறுவனங்கள் தம் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காட்டை இவர்கள் நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. கோவில்பட்டியில் வண்டி ஓட்டும் தம்பிகளே, நலவாரியத்தில் பெயரைப் பதிந்துவிட்டீர்களா? அட்டை கையில் இல்லாவிட்டால் எந்த நிதியும் உங்கள் வீடு தேடி வராது.

இன்னொன்றையும் வாங்குபவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 'இன்னும் இரண்டே பாக்கி', 'ஐந்து நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று அவசரப்படுத்துவது, நாம் கேட்காத ஒன்றைக் கூடைக்குள் தானே போட்டுவிடுவது போன்ற பதின்மூன்று தந்திரங்களை ஏமாற்று வடிவங்கள் என்று பட்டியலிட்டு, 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு வழிகாட்டு நெறி வெளியிட்டது. பொருளைப் பாராட்டி நட்சத்திரம் போட்டால் வீட்டிலிருந்தே தினம் சம்பளம் என்று வரும் செய்தி எதுவும் வேலைவாய்ப்பு அல்ல. அதில் பணம் போய்விட்டால் உடனே 1930. நேரம் கடத்தினால் பணம் கைமாறிப் போய்விடும்.

திங்கட்கிழமை தோறும் தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. குடிநீர், பட்டா, சுடுகாட்டுப் பாதை என்று மனு கொடுக்கப் போகிற நம் இளைஞர்கள் இனி ஒரு தாளைக் கூடுதலாக எடுத்துப் போக வேண்டும். எந்தெந்தக் குடியிருப்புக்கு வாசல் வரை பார்சல் வரவில்லை, எந்தத் தேதியில் எந்த நிறுவனத்தின் பார்சல் ஆள் இல்லை என்று பொய்யாகத் திரும்பியது, ஊருக்குள் அதே நாளில் எந்த வீட்டுக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கட்டும். அந்தத் தெருவுக்குத் தார் ரோடு எந்த இடத்தில் முடிகிறது என்பதையும் அளந்து, அடிக் கணக்கில் எழுதுங்கள். ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் பதில் சொல்ல வேண்டிய பகுதி அது.